ஈயக் குண்டு வார்க்கும் அச்சைத் தேர்ந்தெடுத்தல்

சேர்வராயன் மலையில் காப்பியும் மிளகும் பலாவும் பயிரிடும் அங்கத்தினருள் சிலர், பயிர்க் காவலின் பொருட்டு உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருக்கின்றனர். குழலின் வாய் வழியாகவே மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய வகை அது. சங்கத் தணிக்கைக்காக மலையூர்களுக்குச் செல்லுங்கால், குண்டு வார்ப்பதற்கு எந்த அச்சு நல்லது என்று நம்மிடம் வினவுவோர் உண்டு. விலை மலிவானதா, பார்வைக்குப் பளபளப்பானதா, அடுத்த தோட்டக்காரர் வைத்திருப்பதா என்று பார்த்தே பலரும் முடிவு செய்கின்றனர். இம்மூன்றும் பயனற்ற சோதனைகள். அச்சைத் தீர்மானிக்க வேண்டியது அவரவர் துப்பாக்கியின் குழல் ஒன்றே. அதன் காரணத்தை இங்கே விளக்குவோம்.

முதற்கண் சட்டத்தை அறிந்து கொள்வோம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 13-ஆம் பிரிவில், உண்மையான பயிர்க் காவலுக்கு வாய்வழிக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க இடமளிக்கிறது. அதே சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமமின்றி ஆயுதமோ வெடிப்பொருளோ தயாரிப்பதைத் தடுக்கிறது. ஆகையால் துப்பாக்கி வைத்துக் கொள்ளும் உரிமமே குண்டு வார்க்கும் உரிமம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. உரிமம் வழங்கிய அதிகாரியை எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் விடை பெற்ற பின்னரே அச்சைத் தேட வேண்டும். உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்போருக்கு நாம் கூறக்கூடியது ஒன்றே: அதனைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து விடுவது நலம். மேலும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, காட்டெருமையையோ காட்டுப்பன்றியையோ அனுமதியின்றிச் சுடுவது குற்றம். உரிமம் துப்பாக்கிக்கே உரியது. விலங்கின் உயிர்மேல் அது அதிகாரம் தருவதில்லை.

இனி அளவுக்கு வருவோம். பன்னிரண்டு, பதினாறு, இருபது எனத் துப்பாக்கிகளுக்கு எண்ணிட்டு வழங்குவதை அங்கத்தினர்கள் கேட்டிருப்பர். இது எடையிலிருந்து பிறந்த கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பங்கிட்டு, குழலுக்குள் சரியாக அடங்கும் உருண்டைகளாக வார்த்தால் எத்தனை உருண்டை கிடைக்குமோ, அதுவே குழலின் எண். ஆகவே எண் பெருகப் பெருகக் குழல் சிறுக்கும். பன்னிரண்டு எண்ணுக்குக் குழலின் விட்டம் 0.729 அங்குலம், பதினாறுக்கு 0.662, இருபதுக்கு 0.615.

ஆனால் குழலின் விட்டத்திற்கே குண்டை வார்த்தால் அது உள்ளே இறங்காது. கருமருந்து எரியும்போது குழலுக்குள் கரி படிந்து வழி மேலும் குறுகுகிறது. 1792-இல் பாரமகாலும் சேலமும் ஆங்கிலக் கும்பினியார் வசமான காலத்தில், அவர்தம் சிப்பாய்களின் துப்பாக்கிக் குழல் ஏறத்தாழ 0.75 அங்குலம், அதற்கிட்ட குண்டோ ஏறத்தாழ 0.69 அங்குலம். போர்க்களத்தில் விரைந்து கெட்டிக்க வேண்டி இவ்வளவு இடைவெளி விட்டனர். குறி தவறுவதை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

மலைத்தோட்டத்தில் இவ்விடைவெளி பேராபத்தாகும். சரிவில் இறங்குபவர் துப்பாக்கியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்தால், தளர்ந்த குண்டு முன்னோக்கி நழுவிவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் ஏற்பட்ட நிலையில் சுட்டால் குழலே வெடிக்கக்கூடும். குண்டு பெரிதாக இருந்தாலும் இதே கேடுதான். இடிகோலால் எவ்வளவு அழுத்தினாலும் அது பாதிவழியில் நின்றுவிடும். குண்டு மருந்தின்மேல் நன்றாக அமர்ந்திருக்க வேண்டும் என்பதே இத்துப்பாக்கியின் முதல் விதி. சுடுபவரின் கையும் கண்ணும் இவ்விதியை நம்பியே இருக்கின்றன.

இவ்விடைவெளியை நிரப்புவது துணி. எண்ணெயோ கொழுப்போ தடவிய சிறு துணித்துண்டில் குண்டைப் பொதிந்து இறக்குவது வழக்கம். இதனை நம் நெசவாள அங்கத்தினர்கள் எளிதில் உணர்வர். துணி பருத்தியாக இருத்தல் வேண்டும். செயற்கை இழை வெப்பத்தில் உருகிக் குழலில் ஒட்டிக் கொள்ளும். நெசவு நெருக்கமாகவும் கனம் ஒரே சீராகவும் இருத்தல் வேண்டும். ஒருநாள் மெல்லிய வேட்டித் துண்டும் மறுநாள் தடித்த கித்தானும் பயன்படுத்துவோர்க்கு எந்த அச்சும் பொருந்தாது. ஆகவே துணியை முதலில் முடிவு செய்து, அதற்கேற்ப அச்சை வாங்குவதே முறை.

ஓர் எடுத்துக்காட்டு. குழல் 0.615 அங்குலம், துணியின் கனம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு என்று கொள்வோம். துணி இருபுறமும் அழுந்துவதால், 0.595 முதல் 0.600 அங்குலம் வரையுள்ள குண்டு ஏற்றது. நாட்டுக் கருமான் செய்த குழல்கள் எண்ணுக்கு ஒத்திருப்பதில்லை. வாய்ப்புறம் தேய்ந்தும் இருக்கும். ஆதலால் எண்ணை நம்பாமல், துப்பாக்கியில் மருந்தில்லை என்பதை உறுதி செய்து கொண்டு, உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அளந்து கொள்க. குழலின் நலிவும் அப்போதே தெரிந்துவிடும். நலிந்த குழலுக்கு அச்சு தேடுவது வீண்.

அச்சின்மேல் பொறித்துள்ள அளவையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. அதனைச் சரிபார்க்கப் பொற்கொல்லரின் தராசு போதும். தூய ஈயத்தில் 0.600 அங்குலக் குண்டு சுமார் 21 கிராம் நிறுக்கும், 0.595 அங்குலக் குண்டு சுமார் 20½ கிராம். கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டை எடை காட்டிக் கொடுத்துவிடும். பத்துக் குண்டுகள் வார்த்து ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்க்க. எல்லாம் ஏறக்குறைய ஒரே எடையாக இருப்பின் அச்சு நல்லது. ஒன்றிரண்டு மட்டும் குறைந்தால் அவற்றினுள்ளே காற்றுப்பொத்தல் இருக்கிறது, மீண்டும் உருக்கிவிடலாம். எல்லாமே தாறுமாறாக இருப்பின், அச்சின் இரு பாதிகளும் சரியாகப் பொருந்தவில்லை என்று அறிக.

உருவத்தைப் பற்றியும் ஐயம் எழுவதுண்டு. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மினியே என்னும் பிரெஞ்சுப் படைத்தலைவர், அடிப்புறம் குடைவான நீண்ட குண்டைப் புகழ்பெறச் செய்தார். சுடும்போது அதன் அடி விரிந்து, குழலின் சுருள் பள்ளங்களைப் பற்றிச் சுழன்று செல்லும். பள்ளமற்ற வழுவழுப்பான குழலில் அதற்குப் பற்றுக்கோடு இல்லை. நம் பகுதியின் பயிர்க் காவல் துப்பாக்கிகள் பெரும்பாலும் வழுவழுப்பான குழல் உடையவை. அவற்றுக்கு உருண்டைக் குண்டின் அச்சே தகும்.

அச்சு எப்பொருளால் ஆனது என்பதும் கவனிக்கத் தக்கது. கல்சட்டிக்குப் பெயர்பெற்ற சேலத்து மாக்கல் வெப்பத்தைத் தாங்கும், குடைவதற்கும் எளிது. பண்டைக்கால முதல் மக்கள் அதில் அச்சு செய்துள்ளனர். எனினும் கீழே விழுந்தால் உடையும். விளிம்பு தேய்ந்தால் குண்டு கோணும். இரும்பு நெடுநாள் உழைக்கும். ஆயினும் ஏற்காட்டின் பனிமூட்டத்தில் எண்ணெய் பூசி வைக்காவிடில் துருவேறும். பித்தளை துருவேறாது; சீராகச் சூடேறும்; விலை மிகுதி. அலுமினியம் இலேசானது, விரைவில் சூடேறும். 1965 முதல் பல ஆண்டுகள் மேட்டூரில் அலுமினியம் உருக்கிய ஆலைக்கு நம் மலையின் பாக்சைட் சென்றது. ஆனால் அலுமினியம் மென்மையானது. முரட்டுக் கையாளுதலில் விளிம்பு மழுங்கும். ஆண்டுக்குச் சில முறையே வார்ப்பவருக்கு, ஒரே குழியுள்ள இரும்பு அல்லது பித்தளை அச்சு போதுமானது.

ஈயம் 327 டிகிரி வெப்பத்தில் உருகுவது. உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் பட்டாலும் அது ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரி இறைக்கும். எனவே ஈரமான அச்சையும் அகப்பையையும் பயன்படுத்தலாகாது. பழைய மோட்டார் பாட்டரியின் ஈயத்தைத் தொடவே வேண்டாம். அதிலிருந்து நச்சு வாயு எழக்கூடும். ஈயத் தூசி உடலில் தங்கும் நஞ்சு. வளரும் குழந்தைகளின் மூளையை அது கெடுக்கிறது. சமையலறையிலும் காப்பி உலர்த்தும் களத்திலும் ஈயம் உருக்குதல் கூடாது. அதற்கெனப் பயன்படும் பாத்திரம் ஒருபோதும் அடுப்பங்கரைக்குத் திரும்பலாகாது. வேலை முடிந்ததும் கைகழுவி, உடைமாற்றிய பின்னரே குழந்தையைத் தூக்குக.

எழுத்து மூல அனுமதி, குழலின் அளவு, துணியின் கனம், அதன் பின்னரே அச்சு என்ற வரிசையில் செயற்படுவோர்க்குப் பொருளும் வீணாகாது, உயிருக்கும் ஊறு நேராது. இவற்றுள் முதலிரண்டும் சரிவர அமையாத அங்கத்தினர், அச்சுக்கு ஒதுக்கிய பணத்தை வேலிக்குச் செலவிடுவதே அறிவுடைமை என்பது நம் கருத்து.