கலப்புச் சண்டையும் வாணிகத் திறனும்



ஒரு பண்டம் விலைபோக வேண்டுமானால் அதனை உரக்கக் கூவி விற்றாற் போதும் என்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். அவ்வெண்ணம் எத்துணைக் குறையுடையது என்பதற்கு, அமெரிக்க நாட்டில் ஒரு முரட்டு விளையாட்டுப் பெற்ற வாழ்வு தக்க சான்றாகும். குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, கராத்தே, ஜியு-ஜிட்சு முதலிய முறைகள் பலவற்றையும் ஒரே களத்திற் கலந்து இருவர் பொருதும் அவ்விளையாட்டைக் கலப்புத் தற்காப்புக் கலை என்பர். அதனை நடத்தும் நிறுவனங்களுள் தலையாயது அல்டிமேட் ஃபைட்டிங் சாம்பியன்ஷிப்.

1993ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் அதன் முதற் போட்டி நிகழ்ந்தது. எண்கோண வடிவில் கம்பிவலைக் கூண்டு, எட்டு வீரர், உடல் எடைப் பிரிவு இல்லை. முதற் சண்டையிலேயே சுமோ வீரர் ஒருவருடைய பல் உதைபட்டுத் தெறித்தது. முடிவில் வாகை சூடியவர், உருவத்தில் மெலிந்தவரான பிரேசில் நாட்டு ராய்ஸ் கிரேசி. அவருடைய தமையனார் ரோரியன் கிரேசியே போட்டியைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். ஆகவே, அது அக்குடும்பத்தார் கற்பித்து வந்த ஜியு-ஜிட்சு முறைக்கு நல்லதொரு விளம்பரமுமாயிற்று.

விதிகளே இல்லை என்பதுதான் அன்று அவர்கள் பறையறைந்த செய்தி. கடித்தலும் கண்ணைத் தோண்டுதலும் உண்மையில் விலக்கப்பட்டிருந்தன; விளம்பரமோ அதனைச் சொல்லவில்லை. இந்தக் கூச்சலே பின்னர் அவர்களுக்குப் பகையாயிற்று. 1996இல் ஜான் மெக்கெயின் என்னும் செனட் உறுப்பினர் இதனை மனிதச் சேவற்கட்டு என்று பழித்து, 50 மாநில ஆளுநர்க்கும் கடிதம் எழுதினார். 36 மாநிலங்கள் இதற்குத் தடை விதித்தன. ஒவ்வொரு போட்டிக்கும் தனிக் கட்டணம் செலுத்தி வீட்டிலிருந்தே காண்பவர்தாம் இதன் வருவாய்க்கு ஊற்று. அவர்களிடம் போட்டியைக் கொண்டு சேர்த்த கம்பிவடத் தொலைக்காட்சி நிறுவனங்களும் கைவிரித்தன. ஊற்று வற்றிற்று.

2001 ஜனவரியில், லாஸ் வேகாஸ் நகரிற் சூதாட்ட விடுதிகள் நடத்திவந்த பிராங்க், லொரென்சோ பெர்ட்டிட்டா என்னும் உடன்பிறந்தார் இருவர் 20 லட்சம் டாலருக்கு இதனை விலைக்கு வாங்கினர். டேனா வைட் தலைவரானார். கொடுத்த பணத்துக்கு அவர்கள் பெற்றது பெரும்பாலும் ஒரு பெயர்தான். அதுவும் கெட்ட பெயர்.

இனித்தான் அவர்களது திறனைக் காண வேண்டும். தெருவில் இரண்டு சிறுவர் கட்டிப் புரண்டால் அது சண்டை. கோடு கிழித்து, ஆள் எண்ணி, நடுவர் ஒருவரை நிறுத்திவிட்டால் அதே புரளல் சடுகுடு ஆகிவிடுகிறது. பெற்றோரும் நின்று பார்க்கின்றனர். லொரென்சோ, நெவாடா மாநிலத்துக் குத்துச்சண்டையைக் கண்காணிக்கும் ஆணையத்தில் முன்னர் உறுப்பினராக இருந்தவர். ஆதலின் இந்த நுட்பத்தை நன்கறிந்திருந்தார். அரசின் கட்டுப்பாட்டைக் கண்டு அஞ்சி ஓடாமல், அதனை நாடிச் சென்று கேட்டு வாங்கிக்கொண்டனர். பழைய உரிமையாளரும் இவ்வழியை அறியாதவரல்லர். நியூ ஜெர்சி மாநிலம் 2000இலேயே பொது விதிகளை வகுத்தது. ஆனால் அதற்குள் அவர்கள் கையிருப்புக் கரைந்துவிட்டது. எடைப் பிரிவு, கையுறை, ஐந்து நிமிடச் சுற்று, தலையால் முட்டுதலுக்குத் தடை என்பன போன்ற விதிகளுடன் நெவாடாவும் 2001இல் இசைவு தந்தது.

இசைவு கிடைத்தது, கூட்டம் கிடைக்கவில்லை. 2004க்குள் மூன்று கோடி டாலருக்கு மேல் நட்டம். விற்றுவிடலாமா என்றுகூட எண்ணினர். அந்நிலையில், ஸ்பைக் என்னும் தொலைக்காட்சிக்கு ஒரு தொடரை ஏறக்குறைய ஒரு கோடி டாலர் தங்கள் சொந்தச் செலவிலேயே தயாரித்துக் கொடுத்தனர். 2005 ஜனவரியில் தொடங்கிய அத்தொடரில், இளம் வீரர் 16 பேர் ஒரே வீட்டில் தங்கிப் பயின்று, ஒருவரையொருவர் வென்று முன்னேற வேண்டும். என் கருத்தில், இத்தொடரே எல்லாவற்றினும் கூர்மையான உத்தி. கைமூட்டைப் பூட்டும் பிடி இன்னதென்று காண்போர் பலருக்குத் தெரியாது; ஆனால் காவல்துறை வேலையை விட்டுவந்த ஒருவன் வெல்வானா என்னும் கவலை எவர்க்கும் விளங்கும். பண்டத்தைக் காட்டுமுன் மனிதனைக் காட்டினர். ஏப்ரல் 9ஆம் நாள் பாரஸ்ட் கிரிஃபின், ஸ்டீபன் பானர் இருவரும் பொருத இறுதிப் போட்டியைத் தனிக் கட்டணமின்றி மக்கள் கண்டனர். அதன்பின் வாழ்வு திரும்பியது.

குத்துச்சண்டையிலோ பட்டம் வழங்கும் அமைப்புகள் பல. சிறந்தவரும் சிறந்தவரும் மோதாமலே ஆண்டுகள் கழியும். இங்கே பட்டமும் தரவரிசையும் ஒப்பந்தமும் ஒரே நிறுவனத்தின் கையில். போட்டி நிறுவனங்களையும் விலைக்கு வாங்கினர்: 2007இல் ஜப்பானின் பிரைட், 2011இல் ஸ்ட்ரைக்ஃபோர்ஸ். 2011இல் ஃபாக்ஸ் தொலைக்காட்சியுடன் உடன்பாடு. 2013இல் பெண்கள் போட்டி. 2016இல் நியூயார்க் மாநிலமும் தடையை நீக்கியது. அவ்வாண்டே நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டாலருக்கு விற்கப்பட்டது.

இவ்வெற்றியைப் பாராட்டுங்கால், அடிபடுகின்றவனையும் நினைத்தல் வேண்டும். சிறந்தவர் யாவரும் ஒரே வாயிலில் நிற்பின், கூலியை வாயிற்காவலனே முடிவு செய்வான் அன்றோ? அமெரிக்காவின் கூடைப்பந்து ஆட்டக்காரர் தம் சங்கத்தின் வலிமையால் வருவாயில் ஏறக்குறையப் பாதியைப் பெறுகின்றனர். இங்கோ வீரர்க்குச் சேர்ந்தது ஐந்தில் ஒரு பங்கை ஒட்டியதே என்று நீதிமன்ற ஆவணங்கள் காட்டின. 2014இல் வீரர் சிலர் தொடுத்த வழக்கு, 2025இல் 37.5 கோடி டாலர் இழப்பீட்டுடன் முடிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டிலேயே, ஏழாண்டு ஒளிபரப்பு உரிமைக்காக 770 கோடி டாலர் தரப் பாரமவுண்ட் நிறுவனம் உடன்பட்டது. அத்தொகையில் வீரர்க்கு இத்துணைப் பங்கு என்று வரையறுக்கும் கூட்டு ஒப்பந்தம் எதுவும் அங்கில்லை.