எந்த வாசலில் லாபக் கணக்கு?

கோலார் தங்கவயலில் தங்கம் அடியோடு தீர்ந்ததால் சுரங்கம் மூடப்படவில்லை. 3 கி.மீ.க்கும் அதிகமான ஆழத்தில் பாறையை வெட்டி, மேலே ஏற்றி, தண்ணீரை இறைத்து, காற்றை உள்ளே அனுப்பி எடுத்த தங்கத்தின் விலையைவிட, எடுக்கும் செலவு கூடிப்போனது. 2001 பிப்ரவரி 28-ல் மூடிவிட்டார்கள். அங்கே தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்களுக்குப் பாறையில் தங்கம் இருப்பது வேறு, சுரங்கத்தில் லாபம் வருவது வேறு என்று விளக்கத் தேவையில்லை.

அணுக்கரு இணைவுச் செய்திகளைப் படிக்கவும் இதே கணக்குதான் உதவும். 2022 டிசம்பர் 5-ல் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 192 லேசர் கற்றைகள் ஒரு சின்ன உருளைக்குள் பாய்ந்தன. உருளையின் உட்சுவரில் இருந்ததும் தங்கம்தான். சூடேறிய தங்கம் எக்ஸ் கதிர்களை உமிழ, நடுவே இருந்த, மிளகைவிடச் சிறிய வைர உருண்டையின் மேற்பரப்பு வெடித்துச் சிதறியது. அந்த எதிர்விசையில் உள்ளே இருந்த டியூட்டீரியமும் டிரிட்டியமும் நசுங்கி, சூரியனின் மையத்தைவிடச் சூடாகி, ஹீலியமாக இணைந்தன.

இந்த எரிபொருளைப் பிடித்துவைக்கச் சுவர் கிடையாது. தன் சொந்த நிலைமத்தால் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே அது சேர்ந்திருக்கும். பிறக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கை நியூட்ரான்கள் வெளியே கொண்டுபோய்விடும். மிச்சமுள்ள ஒரு பங்கோடு ஹீலியம் அணுக்கருக்கள் உள்ளேயே தங்கி, பக்கத்து எரிபொருளைச் சூடாக்கினால்தான் தீ பரவும். ஆற்றல் பெருகுவதன் ரகசியம் அதுவே.

அன்று 2.05 மெகாஜூல் லேசர் ஒளிக்கு 3.15 மெகாஜூல் கிடைத்தது. ஒன்றரை மடங்கு. ஆனால் அந்த லேசரை இயக்க மின்கம்பியிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல்! 2025 ஏப்ரலில் 2.08-க்கு 8.6 மெகாஜூல் வந்தது. அப்போதும் மின்சாரக் கணக்கில் நஷ்டம்தான். ஆயுத ஆராய்ச்சிக்காகக் கட்டிய கூடம் அது. மின் சிக்கனம் அதன் நோக்கமல்ல. மின் நிலையமாக வேண்டுமானால் ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கம் வேண்டும். அதுவும் நொடிக்குப் பல முறை.

1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வாங்கிய ஊர் தங்கவயல். சுரங்க வாசலில் நின்று வரவையும் செலவையும் பார்த்துப் பழகிய ஊர். 'இட்டதைவிட அதிகம் கிடைத்தது' என்று அடுத்த முறை தலைப்புச் செய்தி வரும்போது அந்த ஊர் கேட்கும் கேள்வியையே நாமும் கேட்கலாம்: இட்டது என்று எதை எண்ணினீர்கள், லேசர் ஒளியையா, மின்கம்பியில் வந்ததையா?