வேட்டுச் சத்தம் சாட்சி சொல்லுமா?

பிச்சாட்டூர் பக்கம் இரவில் 'டமார்' என்று சத்தம் கேட்டால், அது திருவிழா வேட்டா, காட்டுப் பன்றிக்கு வைத்த நாட்டு வெடியா, துப்பாக்கியா என்று லேசில் சொல்லிவிட முடியாது. ஆனால் உயிர் போன வழக்கென்றால் கோர்ட்டில் இதற்கு விடை வேண்டும்.

திருப்பதியை அடுத்த சேஷாசலம் காட்டில் 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி தமிழகத் தொழிலாளர்கள் 20 பேர் ஆந்திரத் தனிப்படைப் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். முன்பே பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றன மனித உரிமை அமைப்புகள். எங்கே, எப்போது, எவ்வளவு தூரத்திலிருந்து சுட்டார்கள் என்பதே இத்தகைய வழக்குகளில் முக்கியக் கேள்வி. இதற்குச் சத்தம் உதவுமா?

டெசிபல் கணக்கு

ரைபிள் சுடுபவரின் காதருகே சத்தம் சுமார் 160 டெசிபல். 140-ஐத் தாண்டினாலே காதுக்கு ஆபத்து. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும். மரம், மலை, காற்று ஆகியவையும் அதை மாற்றும். குழலுக்கு முன்னால் நிற்பவருக்குப் பலமாகவும், பின்னால் நிற்பவருக்குக் குறைவாகவும் கேட்கும். ஆகவே சத்தத்தின் அளவை மட்டும் வைத்துத் துப்பாக்கியையோ தூரத்தையோ நிச்சயிக்க முடியாது.

நேரமே துப்பு

ஏ.கே. 47 குண்டு வினாடிக்குச் சுமார் 700 மீட்டர் பாய்கிறது. ஒலியோ 340 மீட்டர்தான். குண்டு பாயும் வழிக்கு அருகே இருப்பவருக்கு முதலில் சாட்டை சொடுக்கியது போன்ற சத்தமும், பிறகு குழலின் 'டும்' சத்தமும் கேட்கும். 340 மீட்டர் தூரத்தில் சுட்டால் இரண்டுக்கும் ஏறக்குறைய அரை வினாடி இடைவெளி. ஒலிப்பதிவில் இந்த இடைவெளியை அளந்து தூரத்தைக் கணக்கிடலாம். ஒலியைவிட மெதுவாகச் செல்லும் ரிவால்வர் குண்டில் அந்தச் சொடுக்கு இருக்காது.

இதிலும் ஏமாறலாம். அமெரிக்க ஜனாதிபதி கென்னடி 1963-ல் டல்லாஸ் நகரில் கொலையுண்ட வழக்கில், போலீஸ் ரேடியோப் பதிவை ஆராய்ந்து, இன்னொருவரும் சுட்டிருக்கலாம் என்று பார்லிமெண்டுக் குழு ஒன்று 1979-ல் முடிவு கட்டியது. அந்த ஒலிகள் கொலைக்குச் சுமார் ஒரு நிமிஷம் கழித்துப் பதிவானவை என்று 1982-ல் விஞ்ஞானிகள் குழு அதை மறுத்தது.

நாம் செய்ய வேண்டியது

செல்போன் மைக் பெரிய சத்தத்தை வெட்டிவிடும். அதில் டெசிபல் தேறாது. ஆனால் நேர இடைவெளி தேறும். எனவே பதிவு கையில் இருந்தால் அசல் ஃபைலை அழிக்காமல், வெட்டாமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதி அசலுக்கு ஈடாகாது. நின்ற இடம், மணி, சத்தம் வந்த திசை, கேட்ட வேட்டுகளின் எண்ணிக்கை ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். 'பலமாகக் கேட்டது' என்ற சாட்சியத்தைவிட, 'இரண்டு சத்தம், இன்ன இடத்தில், இன்ன நேரத்தில்' என்ற சாட்சியமே குறுக்கு விசாரணையில் நிற்கும்.