ஐந்தாம் வகுப்பில் நம்ப முடியாதவை

1978-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு நாடளாவிய தேர்வில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். 12/13-ஐயும் 7/8-ஐயும் கூட்டினால் உத்தேசமாக எவ்வளவு வரும்? பேப்பரில் கணக்குப் போட வேண்டியதில்லை. பார்த்துச் சொன்னால் போதும். தேர்ந்தெடுக்க நான்கு எண்கள் கொடுத்திருந்தார்கள்: 1, 2, 19, 21. தெரியாது என்றும் சொல்லலாம். இரண்டு பின்னங்களுமே ஒன்றுக்குக் கொஞ்சம்தான் குறைவு என்பதால் விடை 2. அதைத் தேர்ந்தவர்கள் 24 சதவீதம். 19 என்றவர்கள் அதைவிட அதிகம், 21 என்றவர்களும் அதைவிட அதிகம். 2014-இல் ஆய்வாளர்கள் எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் இதையே மறுபடி கேட்டபோது 27 சதவீதம் பேர் சரியாகச் சொன்னார்கள். இடையில் 36 வருடம், எத்தனையோ பாடத்திட்ட மாற்றங்கள்.

19 எப்படி வந்தது என்று பார்த்தால் சிரிப்பு வராது. மேலே இருக்கும் 12-ஐயும் 7-ஐயும் கூட்டியிருக்கிறார்கள். கீழே இருக்கும் 13-ஐயும் 8-ஐயும் கூட்டியவர்களுக்கு 21. இந்தப் பிள்ளைகள் மக்குகள் அல்ல. பள்ளிக்கூடம் முதல் நான்கு வருடம் சொல்லிக்கொடுத்ததை விசுவாசமாகக் கடைப்பிடித்தவர்கள். பெரிய இலக்கம் இருந்தால் பெரிய எண். ஒவ்வொரு எண்ணுக்கும் அடுத்த எண் ஒன்று உண்டு. பெருக்கினால் கூடும், வகுத்தால் குறையும். ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை, 0-ஐயும் 1-ஐயும் விட்டுவிட்டால், இந்த விதிகள் அநேகமாகப் பொய்த்ததில்லை. பின்னம் வந்ததும் நான்கும் சேர்ந்து சரிகின்றன. 5 பெரிது, ஆனால் 1/5 என்பது 1/4-ஐவிடச் சிறிது. அரைக்கு அடுத்த எண் எது என்று கேட்டால் அப்படி ஒன்று இல்லவே இல்லை. எந்த எண்ணைச் சொன்னாலும் அதற்கும் அரைக்கும் நடுவில் கணக்கில்லாத எண்கள் வந்து நிற்கும். 8-ஐக் காலால் பெருக்கினால் 2, காலால் வகுத்தால் 32.

நான் கவனித்தவரை, ஐந்தாம் வகுப்பை மற்ற வகுப்புகளிலிருந்து பிரிப்பது இந்த மாதிரியான சங்கதிதான். அது கணக்கோடு நிற்பதில்லை. அமெரிக்கப் பள்ளிகளுக்கென்று 2013-இல் வெளியான அறிவியல் பாடத்தரத்தில் ஐந்தாம் வகுப்புப் பகுதியைப் புரட்டினால், பத்து வயதுப் பிள்ளை ஒப்புக்கொள்ள வேண்டியவை இவை: பொருள்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் ஆனவை. ஒரு பொருள் தண்ணீரில் கரைந்து காணாமல் போனாலும் மொத்த எடை மாறாது. செடி தன் உடம்பைக் கட்டிக்கொள்வது பெரும்பாலும் காற்றிலிருந்தும் தண்ணீரிலிருந்தும். பூமி எல்லாவற்றையும் கீழே இழுக்கிறது. அந்தக் ‘கீழே’ என்பது ஊருக்கு ஊர் வேறு திசை. சூரியனும் ஒரு நட்சத்திரம், பக்கத்தில் இருப்பதால் பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான். அதே நாட்டின் கணக்குப் பாடத்தரத்திலும் வேற்றினப் பின்னங்களைக் கூட்டுவது இதே வகுப்பில்தான் வருகிறது. வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் கண் சொல்வதை மறுத்துப் பேசுகிறது.

பின்னத்தைக் கொஞ்சம் கூடவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதன் விளைவு நெடுந்தூரம் போகிறது. ராபர்ட் சீக்லர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து சேகரித்த தரவுகளை எடுத்துக்கொண்டார்கள். பத்து வயதையொட்டி ஒரு பிள்ளைக்குப் பின்னமும் வகுத்தலும் எவ்வளவு பிடிபட்டிருந்தன என்பதை வைத்து, உயர்நிலைப் பள்ளியில் அதே பிள்ளை இயற்கணிதத்தில் எப்படிச் செய்யும் என்று ஊகிக்க முடிந்தது. குடும்ப வருமானம், பெற்றோர் படிப்பு, பிள்ளையின் பொது அறிவுத்திறன் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபிறகும் அந்தத் தொடர்பு நின்றது. முழு எண்களைக் கூட்டுவதிலும் கழிப்பதிலும் கெட்டிக்காரர்களாக இருந்தது அந்த அளவுக்கு உதவவில்லை.

இத்தனைக்கும் பின்னம் என்ற பொருள் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. கால் கிலோ சர்க்கரைக்கும் அரை கிலோ சர்க்கரைக்கும் உள்ள வித்தியாசத்தில் எந்தப் பிள்ளையையும் மளிகைக் கடையில் ஏமாற்ற முடியாது. அதையே 1/4, 1/2 என்று எழுதிக் காட்டினால்தான் 4 பெரிதாகத் தெரிகிறது. ஆக, சிக்கலில் ஒரு பங்கு எழுதும் முறையில் இருக்கிறது. இரண்டு முழு எண்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வழக்கம் இந்தியக் கணித நூல்களில் பழையது. நடுவில் கோடு போடுவது 12-ஆம் நூற்றாண்டு வாக்கில் வட ஆப்பிரிக்காவின் அரபுக் கணித அறிஞர்களிடம் தெரியவருகிறது. அடுக்கிய உடனே பிள்ளையின் கண்ணுக்கு அது ஓர் எண்ணாகத் தெரிவதில்லை; இரண்டு எண்களாகத் தெரிகிறது.

தமிழ்நாட்டின் பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களில் இந்தப் பொறி இருந்ததில்லை. எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலில் ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப்பெயர், தனிக்குறி. அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. மாகாணியை எழுத 1-உம் வேண்டாம் 16-உம் வேண்டாம். ஒரே ஒரு குறி. அது சின்ன எண் என்பதில் பிள்ளைக்கு எந்தக் குழப்பமும் இருந்திருக்காது. அதற்காக அந்தக் காலத்தைத் தூக்கிவைத்துப் பேச நான் தயாரில்லை. பெயர் வைக்காத பின்னம் வந்தால் அந்த முறை திணறும். 5/7-க்கு என்ன குறி போடுவது? மேலும் வாய்ப்பாடு முழுவதையும் மனப்பாடம் செய்தாக வேண்டும், பிரம்பு துணையிருக்க. எந்தப் பின்னத்தையும் எழுத வசதி வேண்டுமென்றால் அடுக்கு முறைதான் வேண்டும். அதற்கு நாம் கொடுக்கும் விலை அந்த 19-உம் 21-உம்.

இப்போது ஆய்வாளர்கள் பலர் பரிந்துரைப்பது எண்கோட்டை. வட்டத்தை வெட்டிப் பங்கு போடுவது மட்டும் போதாது. 0-க்கும் 1-க்கும் நடுவே ஒரு கோட்டில் 7/8 எங்கே உட்காரும் என்று பிள்ளையே புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். அப்படி வைத்துப் பழகியவர்களுக்கு 7/8 என்பது ஓர் இடம், ஓர் அளவு.

பின்னத்தில் கண்ணை ஏமாற்றுவது குறி. மரத்தில் ஏமாற்றுவது மரமேதான். ஒரு விதை போடுகிறோம், மண்ணில் வேர் விடுகிறது, ஆளுயரத்துக்கு வளர்கிறது. இத்தனை கட்டையும் எங்கிருந்து வந்தது என்றால் மண்ணிலிருந்து என்றுதான் யாருக்கும் தோன்றும். எரு போடுகிறோமே, வேறு எதற்காக?

17-ஆம் நூற்றாண்டில் பிரசெல்ஸ் பக்கத்தில் வாழ்ந்த யான் வான் ஹெல்மான்ட் இதை நிறுத்தே பார்த்தார். காயவைத்த மண் 200 பவுண்டு. அதில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்று. ஐந்து வருடம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரத்தைப் பிடுங்கி நிறுத்தபோது ஏறத்தாழ 169 பவுண்டு. மண்ணை மறுபடி காயவைத்து நிறுத்தபோது 200 பவுண்டில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ். மண் தின்று வளரவில்லை என்பது நிரூபணம் ஆயிற்று. அப்படியானால் மரம் முழுக்கத் தண்ணீரே என்று முடிவு கட்டினார். அவர் இறந்தபிறகு, 1648-இல், அவருடைய மகன் பதிப்பித்த நூலில் இது வெளிவந்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் வருவதில்லை. அதே ஹெல்மான்ட் 62 பவுண்டு கரியை எரித்து, மிஞ்சிய சாம்பல் 1 பவுண்டு மட்டுமே என்று கண்டவர். மீதி 61 பவுண்டும் ஒரு கண்ணுக்குத் தெரியாத ஆவியாகப் போய்விட்டது என்று எழுதினார். காற்றுபோன்ற அந்த வகைப் பொருள்களுக்கு ‘கேஸ்’ என்று பெயர் வைத்ததே அவர்தான். விறகு எரிந்து எந்த வாயுவாகப் போகிறதோ, அதே வாயுவிலிருந்துதான் விறகு உருவாகியிருக்கும் என்பது அவருக்கு ஒரு எட்டுத் தூரம். பாதையின் இரண்டு முனைகளையும் அவர் கையில் வைத்திருந்தார், முடிச்சுப் போடவில்லை. அந்த முடிச்சுக்கு இன்னும் ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. செடி பகலில், வெளிச்சம் பட்டால் மட்டுமே காற்றைச் சுத்தமாக்குகிறது என்று யான் இங்கன்ஹவுஸ் 1779-இல் காட்டினார். செடியின் எடைக்குக் கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீரும் எவ்வளவு பங்களிக்கின்றன என்பதை நிக்கோலா தெயோடோர் டி சொசூர் அளந்து 1804-இல் வெளியிட்டார்.

காய்ந்த கட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி கார்பன். அது மொத்தமும் காற்றிலிருந்து வந்தது. அந்தக் காற்றிலோ கார்பன் டை ஆக்ஸைடு பத்தாயிரத்தில் நான்கு பங்குக்குச் சற்று மேல்தான். வீட்டு நிலைப்படியும் கதவும் தூணும் ஒரு காலத்தில் வெறும் காற்றில் திரிந்துகொண்டிருந்தவை என்பதைப் பத்து வயதில் நம்பச் சொல்வது லேசான காரியமல்ல. மண்ணிலிருந்து வரும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் போன்றவை எடையில் கொஞ்சம்தான். ஆனால் அவை இல்லாமல் கட்டிடம் எழும்பாது. உரம் வீண் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

1980-களின் கடைசியிலிருந்து ஹார்வர்டைச் சேர்ந்த ஒரு குழு, பெரிய பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கும் நாளன்றே மாணவர்களைப் பிடித்து இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்டுப் படமெடுத்தது. ஒரு மரக்கட்டையைக் கையில் கொடுத்து, இதன் எடை எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, காற்றிலிருந்து என்று சொல்ல மிகவும் தயங்கினார்கள். ஒளிச்சேர்க்கையை எல்லோரும் படித்தவர்கள்தான், சமன்பாடுகூட எழுதுவார்கள். காற்றுக்கு எடை உண்டு என்பதுதான் உள்ளே இறங்கவில்லை. பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் அதற்குள் இருக்கும் காற்றின் எடை 30 கிலோவுக்கு மேல். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் எடையும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

கரைந்த சர்க்கரை விஷயம் இதைவிட எளிது, சமையலறைத் தராசு ஒன்று இருந்தால் அன்றைக்கே தீர்ந்துவிடும். ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1941-இல் வெளியிட்ட நூலில் பிள்ளைகளிடம் இதைத்தான் கேட்டிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குச் சர்க்கரை போயே போய்விட்டது, ருசி மட்டும் தங்கியிருக்கிறது. கொஞ்சம் வளர்ந்தவர்கள் சர்க்கரை உள்ளே இருக்கிறது, ஆனால் எடை இல்லை என்கிறார்கள். எடையும் அப்படியே இருக்கிறது என்பது அதற்கும் பிறகு, ஏறத்தாழ ஒன்பது, பத்து வயதில் வருகிறது. இல்லாமல் போகவில்லை, மிகச் சிறிதாகிவிட்டது என்று சொல்ல ஒரு பிள்ளைக்குத் துகள் என்ற எண்ணம் தேவைப்படுகிறது. வேதியியல் முழுவதும் அந்த வாசலுக்கு அப்பால்தான் இருக்கிறது.

பூமி உருண்டை என்பதை எல்லாப் பிள்ளைகளும் சொல்லிவிடுவார்கள். ஸ்டெல்லா வோஸ்னியாடுவும் வில்லியம் புரூவரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில் அதோடு விடவில்லை. ஒன்றாம், மூன்றாம், ஐந்தாம் வகுப்புகளைச் சேர்ந்த 60 பிள்ளைகளிடம், நேரே நடந்துகொண்டே போனால் எங்கே போய்ச் சேருவாய், விளிம்பு வருமா, விழுந்துவிடுவாயா என்று குடைந்து கேட்டார்கள். உருண்டைதான், ஆனால் உள்ளே காலி. அதன் தரையில் சமதளத்தில் நாம் நிற்கிறோம், மேலே குவிந்த வானம் என்று சிலர். உருண்டையான பூமி ஆகாயத்தில் இருக்கிறது, நாம் இருப்பது தட்டையான இன்னொரு தரையில் என்று வேறு சிலர். பிறகு வேறோர் ஆய்வில் ஹைதராபாத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டபோது, பூமி தண்ணீரின் மேல் இருக்கிறது என்ற விடை கணிசமாக வந்தது. நம் புராணங்களைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் வேறெங்கே வைப்பார்கள்! புத்தகம் சொன்னதையும் கண் சொன்னதையும் இரண்டையும் கைவிடாமல் ஒரு சமரசம் செய்துகொண்டிருக்கிறார்கள். இந்த வகை ஆய்வுகளுக்கு மறுப்பும் உண்டு. கேள்விகளே குழப்பமானவை, பெரியவர்களிடம் கேட்டால் அவர்களும் இதே மாதிரிதான் சொல்கிறார்கள் என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் சிலர் காட்டினார்கள். மறுப்பு நியாயமானது. பெரியவர்கள் தடுமாறியது மட்டும் எனக்கு ஆறுதலாக இல்லை.

பெரியவர்களுக்குள் என்ன நடக்கிறது என்பதை ஆண்ட்ரூ ஷ்டுல்மனும் ஜோஷுவா வல்கார்செலும் 2012-இல் அளந்தார்கள். கல்லூரி மாணவர்கள் 150 பேரிடம் 200 வாக்கியங்களைக் கொடுத்து, சரியா தவறா என்று முடிந்தவரை வேகமாகச் சொல்லச் சொன்னார்கள். கண்ணும் அறிவியலும் ஒத்துப்போகும் வாக்கியங்களுக்கு உடனே பதில் வந்தது. இரண்டும் முரண்படும் வாக்கியங்களில், சரியாகச் சொன்னவர்களும் ஒரு கணம் பிந்தினார்கள். பின்னம், பூமி, பொருள், உயிர் என்று எல்லாத் துறைகளிலும் இதே கதை. பழைய எண்ணம் அழிவதில்லை. புதிய அறிவு ஒவ்வொரு முறையும் அதை அடக்கிவிட்டுத்தான் பேசுகிறது, அதற்கு அந்த ஒரு கணம் செலவாகிறது.

இன்னொரு சோதனை 2009-இல் வெளியானது. உயிரியல் பேராசிரியர்களை உட்காரவைத்து, திரையில் வரும் பெயர் உயிருள்ளதா இல்லையா என்று பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். விலங்கின் பெயர் வந்தால் விரல் சட்டென்று இறங்கியது. செடியின் பெயர் வந்தபோது, வாழ்நாளெல்லாம் உயிரியல் சொல்லிக்கொடுத்த அந்த விரல்களும் சற்றுப் பிந்தின. அசையாதது உயிரில்லாதது என்று அவர்கள் நினைத்த காலம் ஒன்று, பள்ளிக்கூடம் சேரும் முன்பே, இருந்திருக்கிறது.