மாமனார் அமைச்சரவை, மருமகன் கேள்வி

1957 டிசம்பர் 16. மக்களவையில் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவர் பேச எழுந்தார். இன்று பலமாகவே அடிக்கப்போவதாகவும், அதைவிடப் பலமான அடி திரும்ப வரும் என்பது தெரிந்தே எழுந்திருப்பதாகவும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். எதிர்த் தரப்பிடம் டி.என்.டி. வெடிமருந்து தாராளமாக இருக்கிறதே என்றும் ஒரு போடு போட்டார். யாரைச் சொல்கிறார் என்று அவையில் எவரும் பக்கத்து ஆளைக் கேட்டிருக்க மாட்டார்கள். நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி நாடு முழுக்க டி.டி.கே. என்றே அறியப்பட்டவர்.

பேசியவர் ஃபெரோஸ் காந்தி. ரேபரேலி உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன். அவர் எதிர்த் தரப்பு என்றது சொந்தக் கட்சியின் அரசாங்கத்தை.

இன்று அவர் பெயரைக் கேட்டால் இந்திராவின் கணவர் என்பதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். அவையில் அவர் செய்த வேலைக்கு அது நியாயமில்லை. 1952 தேர்தலில் வென்று வந்தவர் முதல் சில ஆண்டுகள் அதிகம் வாய் திறக்கவில்லை. 1955 டிசம்பரில் காப்பீட்டுச் சட்டத் திருத்தம் விவாதத்துக்கு வந்தபோது கட்டுக் காகிதங்களோடு எழுந்தார். பாரத் இன்சூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர்கள் கட்டிய பணம், ராமகிருஷ்ண டால்மியாவின் கையில் இருந்த மற்ற நிறுவனங்களுக்குள் எப்படிப் போய் வந்தது என்று கணக்கை வரிசையாக விரித்தார். டால்மியா சாதாரணப் புள்ளி இல்லை. ‘டைம்ஸ் ஆஃப் இந்தியா’வை வெளியிடும் நிறுவனத்தையே வாங்கியவர். பின்னாளில் அவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார்.

அந்தப் பேச்சுக்கு அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு அவசரச் சட்டத்தால் கையில் எடுத்தது. செப்டம்பர் 1-ஆம் தேதி 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாகி எல்.ஐ.சி. பிறந்தது. ஒரே ஒரு பேச்சால் இது நடந்தது என்றால் மிகை. ஆனால், தேசியமயம் ஏன் வேண்டும் என்ற வாதத்துக்கு அந்தப் பேச்சு கைநிறையச் சான்று கொடுத்தது.

இந்த இடத்தில் ஒரு சட்டச் சிக்கலைப் பார்த்தாக வேண்டும். நாடாளுமன்றத்தில் பேசியதற்காக உறுப்பினர்மேல் யாரும் வழக்குப் போட முடியாது. அரசியலமைப்பின் 105-ஆவது பிரிவு அவரைக் காக்கிறது. அதே பேச்சை மறுநாள் அச்சிடும் பத்திரிகைக்கு அந்தக் காப்பு அப்போது இருக்கவில்லை. உறுப்பினர் ஒரு கோடீஸ்வரரின் பெயரைச் சொல்லலாம்; அதை அப்படியே எழுதிய நிருபரும் ஆசிரியரும் அவதூறு வழக்குக்காக நீதிமன்றப் படியேற நேரலாம் என்ற நிலை. ‘நேஷனல் ஹெரால்டு’ பத்திரிகை நிர்வாகத்தில் பழகிய ஃபெரோஸுக்கு இந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருந்தது.

அடைக்க அவரே மசோதா கொண்டுவந்தார். அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவருவதைத் தனிநபர் மசோதா என்பார்கள். வெள்ளிக்கிழமையின் கடைசி இரண்டரை மணி நேரம் இவற்றுக்கு ஒதுக்கப்படுவது வழக்கம். பெரும்பாலானவை பேசி முடிப்பதோடு சரி. சுதந்திர இந்தியாவில் இதுவரை 14 மட்டுமே சட்டமாகியிருக்கின்றன. 1970-க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015-இல் மாநிலங்களவையைத் தாண்டியபோது பெரிய செய்தியானது அதனால்தான், அதுவும் சட்டமாகவில்லை. அந்தப் பதினான்கில் ஒன்று, நாடாளுமன்ற நடவடிக்கைகளை வெளியிடுவோருக்குப் பாதுகாப்பு அளிக்கும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம். அவையில் நடந்ததைப் பெருமளவு உண்மையாக, உள்நோக்கமில்லாமல், பொது நன்மைக்காக வெளியிட்டால் வழக்கு இல்லை. நிருபர்களிடையே இது ‘ஃபெரோஸ் காந்தி சட்டம்’.

ஆக, 1957 டிசம்பரில் அவர் எழுந்தபோது, பேசுவதை நாடே படிக்கும் என்பதற்கு ஏற்பாடு செய்துவிட்டுத்தான் எழுந்தார்.

விவகாரம் இது. கல்கத்தாவின் பங்கு வணிகர் ஹரிதாஸ் முந்த்ராவுக்குப் பண நெருக்கடி. 1957 ஜூனில் அவருடைய ஆறு நிறுவனங்களின் பங்குகளை, ஏறக்குறைய 1.24 கோடி ரூபாய்க்கு, எல்.ஐ.சி. வாங்கியது. ஜெஸ்ஸாப், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. பங்குச் சந்தைக்கும் போகவில்லை; முந்த்ராவிடமிருந்தே நேராகக் கொள்முதல். கல்கத்தா சந்தை சரியாமல் தாங்கவே வாங்கினோம் என்பது அரசுத் தரப்பின் சமாதானம். சந்தையைத் தாங்க வந்தவர்கள் ஒரே ஆளின் பங்குகளை மட்டும் ஏன் வாங்க வேண்டும்? சந்தை விலையைவிடக் கூடுதலாக ஏன் கொடுக்க வேண்டும்? ஃபெரோஸ் குரலை உயர்த்தி வென்றவர் என்று சொல்ல முடியாது. விலைப் பட்டியலும் தேதியும் கடிதமுமாக அடுக்கிக்கொண்டே போனார். நாடாளுமன்றம் உண்டாக்கிய மிகப் பெரிய நிதி நிறுவனத்தை நாடாளுமன்றமே கண்காணிக்க வேண்டும் என்பது அவர் நிலை.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை வைத்து விசாரணை ஆணையம் அமைந்தது. கதவைத் திறந்து வைத்து விசாரித்தார் அவர். கூட்டம் அறையில் அடங்காததால் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். நிதிச் செயலாளர் எச்.எம். பட்டேல் சாட்சி சொன்னார், அமைச்சரும் வந்து சொன்னார். 24 நாளில் விசாரணை முடிந்தது. செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்றது அறிக்கை. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். ஆணையங்களின் ஆயுள் நீண்டுகொண்டே போவதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்த வேகம் நம்ப முடியாததாக இருக்கும்.

டி.டி.கே.யும் அதோடு முடிந்துபோகவில்லை. சில ஆண்டுகளில் திரும்பி வந்து மறுபடியும் நிதியமைச்சரானார். ஃபெரோஸ் அதைப் பார்க்க இல்லை. 1960 செப்டம்பர் 8 அன்று, 48 வயது நிறைய நான்கு நாள் இருக்கும்போது, மாரடைப்பில் காலமானார்.

அவர் சட்டத்தின் கதை அதற்குப் பிறகும் நீண்டது. நெருக்கடி நிலையின்போது, 1975 டிசம்பரில், ஓர் அவசரச் சட்டம் அதை நீக்கியது. அப்போது பிரதமர் இந்திரா காந்தி. 1977-இல் ஜனதா அரசு அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அந்த அரசின் நிதியமைச்சர், முந்த்ரா விவகாரத்தால் அரசுப் பணியைவிட்டுப் போன அதே எச்.எம். பட்டேல்.

இனி எந்த அரசும் அவசரச் சட்டம் போட்டு அழித்துவிடக் கூடாது என்று, 1978-இன் 44-ஆவது திருத்தம் இந்தப் பாதுகாப்பை 361-ஏ பிரிவாக அரசியலமைப்புக்குள்ளேயே வைத்தது. 1956 சட்டம் நாடாளுமன்றத்தோடு நின்றிருந்தது. 361-ஏ சட்டமன்றங்களுக்கும் பொருந்தும். கோட்டையில் நடக்கும் சட்டமன்ற விவாதத்தைக் குறிப்பெடுத்து எழுதும் சென்னை நிருபருக்கு இன்று காப்பாக இருப்பது அந்தப் பிரிவுதான்.