சீரோட்டத்தில் இன்ஜின்: மரக்காணம் உப்பளச் சாலையும் எரிபொருள் சிக்கனமும்

விழுப்புரம் மாவட்டத்துக் கடலோரத்தில், மரக்காணத்தை ஒட்டிப் பாத்தி பாத்தியாக விரியும் உப்பளங்களினூடே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை, உவர்நீர் பரந்து நிற்பதற்கு ஏற்ற தட்டையான நிலத்தின்மீதே அமைந்திருப்பதால், ஏற்ற இறக்கம் அநேகமாக இல்லாத சாலையாக இருக்கிறது. இச்சாலையில் ஒரு கார் டாப் கியரில், ஆக்சிலேட்டர் மிதி அசையாமல், ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிலையைச் சீரோட்டம் எனலாம். ஆயிரம் கிலோ எடையுள்ள சிறிய கார் ஒன்று மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட, டயர்களின் உருளல் தடையையும் காற்றின் எதிர்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், பத்துக் குதிரைத்திறனை ஒட்டிய திறனே தேவைப்படுகிறது. அதே காரின் இன்ஜினோ எழுபது, எண்பது குதிரைத்திறன் தரவல்லது. பெரும்பகுதித் திறன் பயன்படாமல் கிடக்கும் இந்த நிலையில்தான் பெட்ரோல் இன்ஜின், தான் செய்யும் வேலையின் அளவை நோக்க, மிகுதியான எரிபொருளைச் செலவிடுகிறது.

இதற்கு முதற்காரணம், காற்று நுழையும் குழாயின் குறுக்கே அமைந்த த்ராட்டில் எனப்படும் வட்டத்தகடாகும். பெட்ரோல் இன்ஜினில் காற்றும் எரிபொருளும் ஏறக்குறைய மாறாத விகிதத்தில் கலக்க வேண்டியிருப்பதால், திறனைக் குறைக்க வேண்டுமாயின் காற்றையே குறைக்க வேண்டும்; ஆகவே சீரோட்டத்தில் இத்தகடு சிறிதளவே திறந்திருக்க, அதன் உட்புறத்தில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதியளவுக்குக்கூடத் தாழ்ந்துவிடுகிறது. அந்த வெற்றிடத்தை எதிர்த்துப் பிஸ்டன்கள் ஒவ்வொரு முறையும் கீழிறங்க வேண்டியிருப்பதால் வீணாகும் ஆற்றலை உறிஞ்சல் இழப்பு என்று குறிக்கலாம். உப்பளங்களில் உவர்நீர் இறைக்கப் பயன்படும் ஆயில் இன்ஜினுக்கு இந்தத் தொல்லை இல்லை. டீசலில் இயங்கும் அது காற்றைத் தடையின்றி முழுமையாக உள்ளிழுத்து, எரிபொருளை மட்டும் தேவைக்கேற்ப அளந்து பெறுவதோடு, மாறாத வேகத்தில் மாறாத சுமையைத் தாங்கி நாள் முழுதும் சீரோட்டத்திலேயே இருக்கிறது.

பெட்ரோல் காரில் உறிஞ்சல் இழப்பைக் குறைக்கும் எளிய வழி உயர்ந்த கியராகும். அந்தக் கியரில் இன்ஜினின் சுழற்சி குறையும்போது அதே திறனைத் தர ஒவ்வொரு சுழற்சியிலும் கூடுதல் காற்று தேவைப்படுவதால் த்ராட்டில் அகலத் திறக்கிறது. ஆனால் சுழற்சி அளவுக்கு மீறித் தாழ்ந்தால் வண்டி திணறும், இன்ஜினில் தட்டும் ஓசையும் எழக்கூடும்.

அடுத்து வருவது கலவை. ஒரு கிராம் பெட்ரோல் மிச்சமின்றி எரிய சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். காற்றைச் சற்றே கூட்டி, 16 வரை கொண்டுசென்றால் சீரோட்டத்தில் எரிபொருள் மிச்சமாகிறது. எனினும் அத்தகைய மெலிந்த கலவை மெதுவாக எரிவதால், தீப்பொறியை முன்னதாகவே கொடுத்தாக வேண்டும். அம்பாசடர் போன்ற கார்புரேட்டர் கால வண்டிகளில் இப்பணியைச் செய்தது, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் பொருத்தப்பட்ட, உள்ளே மெல்லிய சவ்வு கொண்ட சிறு தகரக் கிண்ணமாகும். த்ராட்டிலுக்கு அருகிலிருந்து வரும் வெற்றிடம் சவ்வை இழுக்க, சவ்வு, தீப்பொறியை எழுப்பும் பாயிண்ட் அமைந்த தட்டைத் திருப்ப, சீரோட்டத்தில் மட்டும் தீப்பொறி பல பாகை முந்திக்கொள்ளும். இவ்வளவு நுட்பமான ஒரு கணிப்பை மின்னணுவின் துணையின்றி ஒரு சவ்வும் ஒரு சுருள்வில்லும் நிகழ்த்திக் காட்டியது பொறியியலின் அழகான சாதனைகளுள் ஒன்று. அச்சவ்வு கிழிந்தாலும் வண்டி நிற்காது, புகையாது. மைலேஜ் மட்டும் குறையும். கிண்ணத்துக்கு வெற்றிடம் வரும் குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சி, தட்டு அசைகிறதா என்று பார்ப்பதே அதற்குரிய சோதனை.

இன்றைய கார்களில் தீப்பொறியின் நேரத்தையும் கலவையையும் கணினியே முடிவு செய்கிறது. இந்தியாவில் 1995 ஏப்ரல் முதல் நான்கு பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமான வினையூக்கி மாற்றி, அதாவது புகையிலுள்ள நச்சு வாயுக்களைச் சிதைக்கும் கருவி, பின்னர் மூவகை நச்சுகளையும் ஒருசேரக் களையும் வடிவில் நிலைபெற்றது. அதற்குக் கலவை சரியான விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும். மெலிந்த கலவையில் நைட்ரஜன் ஆக்சைடுகளை அதனால் நீக்க இயலாது என்பதால், கலவையை மெலியவைக்கும் பழைய வழி இன்று அடைபட்டுவிட்டது. அது நியாயமான தடையுமாகும். மாறாக, எரிந்த புகையில் ஒரு பகுதியை மீண்டும் சிலிண்டருக்குள் விடுவது, உறிஞ்சு வால்வைத் தாமதமாக மூடுவது ஆகிய முறைகளால் த்ராட்டிலை அகலத் திறந்துவைத்து உறிஞ்சல் இழப்பைக் குறைக்கின்றனர். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்குரிய விகிதம் 13.5 அளவிலேயே அமைவதையும் புகைக்குழாயின் ஆக்சிஜன் சென்சார் உணர்ந்து சரிசெய்துவிடும்; ஆனால் லிட்டருக்கு ஆறேழு விழுக்காடு குறைந்துபோன வெப்ப ஆற்றலை எந்தச் சென்சாராலும் மீட்டுத் தர முடியாது.

இவை அனைத்தையும் விட வலியது வேகம். மேற்கூறிய கார் 80 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்கு உயரும்போது, காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக வளர்வதால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் செய்ய வேண்டிய வேலை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. 1978-இல் தொடங்கப்பட்ட பெட்ரோலியப் பாதுகாப்பு ஆராய்ச்சிக் கழகம் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தைப் பரிந்துரைத்து வந்திருப்பதன் அடிப்படையும் இதுவே. மரக்காணத்தில் பிற்பகலில் வீசும் கடற்காற்று எதிர்முகமாகச் சாயுமானால், வேகமானி காட்டும் வேகம் மாறாமலே காரின் சுமை ஏறிவிடுகிறது.

இக்கடற்கரைக்கே உரிய மற்றொரு காரணி உப்பு. உப்பு ஈரம் படிந்த காற்றால் பேட்டரி முனைகளில் வெண்பச்சைப் பொடி பூப்பது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத இடம், ரேடியேட்டர் நீரின் வெப்பத்தை அறியும் சென்சாரின் இணைப்பாகும். அச்சென்சாரின் மின்தடை வெப்பம் ஏற ஏறக் குறைவது. இணைப்பின் ஊசிகளில் துரு ஏறிச் சில நூறு ஓம் தடை கூடினாலே, கொதிநிலையை நெருங்கிய இன்ஜினை இன்னும் சூடேறாத இன்ஜின் என்று கணினி பிழையாகக் கொண்டு, காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்த வண்டிக்கு ஊட்டுவது போலக் கூடுதல் பெட்ரோலை ஊட்டத் தொடங்கும். சில வண்டிகளில் இன்ஜின் சூடானதாகக் கணினி அறியும் வரை ஆக்சிஜன் சென்சாரின் திருத்தம் ஏற்கப்படுவதில்லை என்பதால், பிழை திருத்தப்படாமல் நீடிக்கும். இணைப்பைக் கழற்றி, ஊசிகளைத் துடைத்து, ஈரம் புகாதபடி ரப்பர் உறையைச் சரியாகப் பொருத்தினால் கலவை பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது.