நாற்றுமேடையை வெயிலால் தொற்றுநீக்குதல்

மிளகாய், தக்காளி, கத்தரி நாற்றுகள் முளைத்த சில நாட்களிலேயே தண்டின் அடி நலிந்து, சாய்ந்து மடிவதைக் கமக்காரர் பலர் கண்டிருப்பர். நாற்றழுகல் எனப்படும் இந்நோயை உண்டாக்கும் பங்கசுகள் மேடை மண்ணிலேயே வாழ்பவை. அவற்றை அழிப்பதற்கு உமியையும் வைக்கோலையும் மேடைமீது பரப்பி எரிப்பது நெடுநாளைய வழக்கம். விலையின்றிக் கிடைக்கும் வெயிலைக் கொண்டும் இவ்வேலையைச் செய்யலாம். இஸ்ரவேல் நாட்டு ஆராய்ச்சியாளர் யாக்கோவ் கட்டானும் அவர்தம் குழுவினரும் இம்முறையை ஆராய்ந்து 1976ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதற்கு வேண்டியது ஒளி ஊடுசெல்லும் தெளிந்த பொலித்தீன் விரிப்பு. கறுப்பு நிறம் வெப்பத்தை இழுக்கும் எனக் கருதிக் கறுப்பு விரிப்பை வாங்குவோர் உளர். அவ்வெண்ணம் பாதியே சரி. கறுப்பு ஒளியை உறிஞ்சுவது மெய். ஆயின் அங்கே முதலிற் சூடேறுவது விரிப்பேயன்றி மண்ணன்று. அவ்வெப்பத்திற் பெரும்பகுதி மேலுள்ள காற்றோடு போய்விடும். தெளிந்த விரிப்பினூடாகச் செல்லும் ஒளியோ மண்ணையே அடைந்து, அங்கு வெப்பமாக மாறுகின்றது.

சூடேறிய மண்ணும் கதிர் வீசும். அது கண்ணுக்குப் புலனாகாத, அலைநீளம் கூடிய செந்நிறக்கீழ்க் கதிராகும். பொலித்தீன் தனித்து இக்கதிரை நன்கு தடுப்பதில்லை. விரிப்பின் அடிப்புறத்திற் படியும் நீர்த்துளிகளே அதனைத் தடுத்து வெப்பத்தைக் காக்கின்றன. எனவே உலர்ந்த மேடையை மூடுவதாற் பெரும்பயன் இல்லை. ஈரம் வெப்பத்தை ஆழத்துக்குக் கடத்தவும் உதவும். ஈரமண்ணிலுள்ள நோய்க்கிருமிகளும் எளிதில் மடியும்.

ஆடி, ஆவணி மாதங்களின் கடும் வெயில் இதற்கு ஏற்றது. எருவை முன்னரே கலந்து, கட்டிகளை உடைத்து, மேடையைச் சமப்படுத்தி, ஓரடி ஆழம் நனையுமாறு நீர் பாய்ச்சவேண்டும். பின் மெல்லிய விரிப்பை மண்ணோடு ஒட்ட இழுத்து, நாற்புறமும் ஓரங்களை மண்ணிற் புதைக்கவேண்டும். இடையே காற்று தங்கினால் வெப்பம் குறையும். கிழிசல் காணப்படின் உடனே ஒட்டவேண்டும். 4 முதல் 6 வாரம் வரை இவ்வாறு விடப்படும் மேடையின் மேல்மண், நல்ல வெயிலில் 45 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறும். நிழல் விழும் இடத்தில் இதனைச் செய்தல் வீண்.

களைவிதைகள் பலவும் இதனால் அழியும். கோரைக் கிழங்கு மட்டும் எளிதில் மடிவதில்லை; அதனை முன்னரே கிண்டி அகற்றுதல் நன்று. விரிப்பை நீக்கிய பின் மேடையை ஆழக் கொத்தலாகாது. கொத்தினால், வெப்பம் எட்டாத அடிமண் கிருமிகளோடு மேலே வந்துவிடும். மேல்மண்ணை மெல்லக் கீறி விதையிடுதலே போதுமானது.